அழுது ஓட்டு வாங்குறாங்களா? – ஒரு கடிதமும் பதிலும்

அக்கா வணக்கம்,

நான் மலேசியாவுல சுங்கை சிப்புட்ல இருக்கேன். உங்க எழுத்த ரெண்டு வருஷமா படிக்கிறேன், கடிதம் எழுதுறது இதான் மொத தடவ. எங்க வீட்ல ராத்திரி சாப்பாடு முடிஞ்சா நானும் அம்மாவும் டிவி முன்னாடிதான். பிக்பாஸ், சூப்பர் சிங்கர், குக் வித் கோமாளி எதையும் விடுறதில்ல. வீட்டுக்காரர் டைம் வேஸ்ட்னு திட்டுவாரு. பிக்பாஸ்லாம் ஸ்கிரிப்ட்தானே அக்கா? பாட்டு ஷோ பாத்தாதான் எனக்கு எரிச்சலா வருது, பாதிப் பேரு பாடுறத விட அழுவுறதுதான் ஜாஸ்தி. போன வாரம்கூட ஒரு பொண்ணு குடும்பக் கஷ்டத்த சொல்லி அழுது ஓட்டு வாங்கிருச்சு, நல்லா பாடுன பையன் வெளிய போய்ட்டான். அம்மா அந்தப் பொண்ணு கட்சி, நான் பையன் கட்சி, ரெண்டு நாளா பேச்சே இல்ல. அப்புறம் இன்னொண்ணு, என் மகளுக்கு 11 வயசு, நல்லா பாடுவா. இந்த மாதிரி போட்டிக்கு போகவான்னு கேக்குறா. அனுப்பலாமா? பேரு போட்டுறாதீங்க அக்கா.

அன்புள்ள தங்கச்சி,

மொதல்ல எந்திரிச்சு போயி அம்மாகிட்ட பேசு. டிவியில பாடுற யாரோ ஒரு பிள்ளைக்காக பெத்தவ கிட்ட ரெண்டு நாள் மூஞ்சிய திருப்பிக்கிட்டு இருக்கிறது நல்லா இல்ல. இத படிச்சு முடிச்சிட்டு போகலாம்னு நினைக்காத, இப்பவே போ, பேசிட்டு வந்து மீதிய படி.

வீட்டுக்காரர் திட்டுறத விடு. நாள் பூரா வேலை செஞ்ச மனுஷி ராத்திரி ஒரு மணி நேரம் காலை நீட்டி உக்காந்து டிவி பாக்குறதுக்கு யாருகிட்டயும் கணக்கு சொல்ல வேணாம். பிக்பாஸ் ஸ்கிரிப்ட்டான்னு கேட்டிருக்க. வீடு பூரா கேமரா வெச்சு 24 மணி நேரமும் எடுத்தத வெட்டி ஒட்டி டிவியில ஒரு மணி நேரத்துக்கு காட்டுறாங்க, மீதி நேரம் அவங்க எப்படி இருந்தாங்கன்னு டிவி மட்டும் பாக்குற உனக்கும் தெரியாது எனக்கும் தெரியாது, யாரு கோவக்காரி யாரு நல்லவன்னு வெட்டுற மேசையிலேயே முடிவாயிடுது. வசனம் எழுதிக் கொடுத்தாதான் ஸ்கிரிப்ட்டா? இதுக்கு மேல இதுல பேச எனக்கு ஒண்ணுமில்ல.

நான் பதில் எழுத உக்காந்தது உன்னோட ஒரே ஒரு வரிக்காகத்தான். "அழுது ஓட்டு வாங்கிருச்சு." எப்படி தங்கச்சி உனக்கு இத எழுத மனசு வந்துச்சு? நாலஞ்சு மாசமா இந்த விஷயத்தத்தான் நான் மனசுக்குள்ள போட்டு உருட்டிக்கிட்டு இருக்கேன், உன் கடிதம் வந்து சரியா அதே எடத்துல குத்துது.

அந்தப் பொண்ணா வந்து எங்க வீட்டு கஷ்டத்த கேளுங்கன்னு சொல்லுச்சு? அது ஒரு பாட்டோட வந்துச்சு. பாட்டுக்கு முன்னாடி அது வீட்ட படம் எடுத்து போடுறது யாரு, ஒழுகுற கூரையையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் கிட்ட கொண்டு போயி காட்டுறது யாரு, அதுக்கு பின்னாடி வயலின் போடுறது யாரு, அது முடிஞ்சதும் அம்மாவ மேடைக்கு கூப்பிட்டு "சொல்லுங்கம்மா, எவ்வளவு கஷ்டப்பட்டீங்க"ன்னு கேக்குறது யாரு? பத்து பன்னெண்டு வயசுப் பிள்ளை, கண்ண கூசுற லைட்டு, சுத்தி எல்லாரும் பெரியவங்க, அதுல நின்னுக்கிட்டு "நான் பாட மட்டும்தான் வந்தேன்"னு சொல்ல அதால முடியுமா? உன்னால முடியுமா? அழ வெச்சு பாக்குறது அவங்க, அத பாத்து மூக்கு சிந்துறது நாம, கடைசியில பழி மட்டும் அந்தப் பிள்ளைக்கு.

ஒரு ஷோவுல பாத்தேன், எதுன்னு சொல்ல விரும்பல. ஒரு அம்மா கையில மைக்க கொடுத்தாங்க. அத எப்படி பிடிக்கிறதுன்னு அந்தம்மாவுக்கு தெரியல, டார்ச்லைட்டு மாதிரி வயித்துகிட்ட பிடிச்சிருந்தாங்க. வாய் அசையுது, சத்தம் வரல. தொகுப்பாளர் பொண்ணு அந்தக் கைய பிடிச்சு மேல தூக்கி வாய்கிட்ட வெச்சுச்சு, அந்தம்மா பேசப் பேச கை மறுபடி தானா கீழ எறங்குது, மறுபடி தூக்கி வெக்குது. புடவை முந்தானைய இன்னொரு கையால சுருட்டி சுருட்டி விரல்ல சுத்திக்கிட்டே இருந்தாங்க. மகள் பாடுறத கேக்க வந்த அம்மா அது. நான் டிவிய அணைச்சிட்டு கொல்லைப்பக்கம் போயி கொஞ்ச நேரம் நின்னேன்.

நீ கேக்கலாம், அப்ப மனுஷங்க எங்கேருந்து வந்தாங்கன்னு பாத்து ஓட்டு போடுறதே தப்பான்னு. இல்ல. அத நான் சொல்லல. 2019ல பிக்பாஸ் மூணாவது சீசன்ல நம்ம மலேசியப் பையன் முகேன் ராவ் ஜெயிச்ச அன்னிக்கு எங்க தாமான்ல எத்தனை வீட்ல லைட்டு எரிஞ்சுச்சு தெரியுமா, இந்தியாவுல ராத்திரி 10 மணின்னா இங்க 12.30, மறுநாள் திங்கக்கிழமை வேலை, யாரும் படுக்கல. ஓட்டு போடுற ஹாட்ஸ்டார் ஆப்பே அப்ப மலேசியாவுல கெடையாது, 2021 ஜூன்லதான் இங்க வந்துச்சு. சென்னையில இருக்கிற சொந்தக்காரங்களுக்கு போன் போட்டு நம்ம பையனுக்கு போடுங்கன்னு கெஞ்சினவங்கள எனக்கு தெரியும். அதுக்கு முன்னாடி 2005ல அக்காடெமி ஃபேண்டேசியாங்கிற மலாய் பாட்டுப் போட்டியோட மூணாவது சீசன், கூலாய் பக்கத்துல ஃபெல்டா தாயிப் அண்டாக்ல இருந்து வந்த மாவி. ஃபெல்டா நிலத் திட்டத்துல குடியேறினவங்க வீட்டுப் பிள்ளை. அந்த வருஷம் எங்க பெர்ஜுந்தை பசார் மாலாம்ல, அதான் ராத்திரிச் சந்தையில, எந்தப் பக்கம் திரும்புனாலும் அவரு பாட்டுதான், மீன் வெட்டுறவரு கத்திய தூக்கி "வேர்ல்டு"னு அவர மாதிரியே கத்துவாரு. (எங்க ஊரு பேர பெஸ்தாரி ஜெயான்னு 2007ல மாத்திட்டாங்க, எனக்கு வாயில இன்னும் பெர்ஜுந்தைதான் வருது.)

இதெல்லாம் "நம்ம பிள்ளை"ன்னு போட்ட ஓட்டு. நம்ம மாதிரி எடத்துல இருந்து ஒருத்தன் போயி அங்க நிக்கிறான்னு நெஞ்ச நிமித்திக்கிட்டு போட்ட ஓட்டு. "பாவம்"னு போடுறது வேற தங்கச்சி. பாவம்னு சொல்றப்ப நாம திண்ணையில இருக்கோம், அந்தப் பிள்ளை வாசல்ல நிக்குது. உன் அம்மா எந்த ஓட்டு போட்டாங்கன்னு எனக்கு தெரியாது, அவங்ககிட்டயே கேளு. ஒருவேளை அந்தப் பொண்ண பாத்தப்ப அவங்களுக்கு தன்னோட சின்ன வயசு ஞாபகம் வந்திருக்கும். அத நீ கேட்டியா? பையன் நல்லா பாடுனான்னு சண்டை போட்டதோட சரி.

எனக்கு இதுல இவ்வளவு கோவம் ஏன்னு சொல்றேன்.

நான் பொறந்தது பெர்ஜுந்தைய தாண்டி ஒரு கித்தா (ரப்பர்) தோட்டம். இப்ப அங்க பூரா செம்பனை, நாங்க குடியிருந்த லயம் இருந்த எடம் கூட அடையாளம் தெரியாது. 1984, மாரியம்மன் திருவிழா. எனக்கு 9 வயசு, பெரியக்காவுக்கு 15. அப்பா செத்து எட்டு மாசம் ஆகியிருந்துச்சு, அக்கா ஸ்கூல விட்டுட்டு அம்மாவோட சேந்து மரம் வெட்ட, அதான் கித்தா மரத்துல பாலெடுக்க, போக ஆரம்பிச்சிருந்தா. திருவிழாவுக்கு மூணாம் நாள் ராத்திரி தோட்டத்து டேவான்ல (மண்டபத்துல) பாட்டுப் போட்டின்னு சொன்னதும் அக்கா பேரு கொடுத்துட்டா. சுசீலாம்மா பாடுன ஒரு பழைய பாட்டு. ஒரு மாசம் பழகினா, வீட்ல இல்ல, கித்தா மர வரிசையில, நிரையில. விடியக்காலையில நெத்தியில லைட்ட கட்டிக்கிட்டு இந்த மரத்துக்கும் அந்த மரத்துக்கும் போற வழியில பாடுவா, கத்தி பட்டைய சீவுறப்ப நிறுத்திடுவா, பால் மங்குல சொட்ட ஆரம்பிச்சதும் விட்ட எடத்துலேருந்து எடுப்பா. ரெண்டாவது சரணத்துல மேல போற ஒரு எடம் இருக்கு, அது அவளுக்கு எட்டவே இல்ல. லீவு நாள்ல நான் பால் வாளிய தூக்கிக்கிட்டு பின்னாடியே போவேன், அந்த எடம் வர்றப்பலாம் மூச்ச பிடிச்சுக்கிட்டு நிப்பேன். திருவிழாவுக்கு நாலு நாள் இருக்கிறப்ப எட்டிடுச்சு. திரும்பி என்ன பாத்தா பாரு, அந்த மூஞ்சி எனக்கு இன்னிக்கும் கண்ணுல இருக்கு.

போட்டி அன்னிக்கு டவுன்லேருந்து ஒரு அறிவிப்பாளர் வந்திருந்தாரு. அக்கா மேடையில போயி நின்னதும் அவரு மைக்க விடல. "அப்பாவ பறிகொடுத்த பிள்ளை, இந்த வயசுல அம்மாவோட சேந்து மரம் வெட்டி தம்பி தங்கச்சிய காப்பாத்துது, எல்லாரும் பலமா கைதட்டுங்க"ன்னாரு. டேவான் அதிருது. அதோட விடாம அம்மாவ மேடைக்கு கூப்பிட்டாரு. அம்மா கடைசியில தூணுகிட்ட நின்னுக்கிட்டு இருந்தாங்க, செருப்ப அங்கேயே கழட்டி வெச்சுட்டு வெறுங்காலோட மேடை ஏறுனாங்க. பாட்டிங்கள்லாம் கண்ண தொடைக்கிறாங்க. அக்கா பாட ஆரம்பிச்சா. யாரும் வாய மூடல, "பாவம் பாவம்"னு கீழ ஒரே பேச்சு. ரெண்டாவது சரணம், அந்த மேல போற எடம் வருது, நான் மூச்ச பிடிச்சேன். சரியா அப்ப ஒருத்தரு மேடையேறி பத்து வெள்ளி நோட்ட, அந்த சிவப்பு நோட்ட, அவ தாவணியில ஊக்கால குத்துறாரு. ஊக்கு உள்ள தோள்ல பட்டுடுச்சு, ஒரு நொடி அவ கண்ணு சுருங்குனத நான் பாத்தேன். ஆனா நிறுத்தல. சுத்தமா போயி தொட்டா. டேவான்ல அத்தனை பேர் இருந்தும் அத யாருமே கேக்கல, எல்லாரும் நோட்டுக்கு கைதட்டுறாங்க. நானும் தட்டுனேன். ஒரு மாசம் அந்த எடத்துக்காக மூச்சு பிடிச்சவ, எல்லாரும் எங்க குடும்பத்த பாக்குறாங்கங்கிற சந்தோஷத்துல நோட்டுக்கு கைதட்டுனேன். இத நெனைச்சா எனக்கு இப்பவும் வலிக்குது.

மொத பரிசு அவளுக்குத்தான். பூப்போட்ட ஃபிளாஸ்க். லயத்துக்கு வந்து நோட்ட கழட்டி அம்மா கையில கொடுத்தா, தோள்ல சின்னதா ரத்தம். "பாட்டுக்கு எத்தன மார்க்குன்னு யாராச்சும் சொன்னாங்களாம்மா?"னு கேட்டா. அம்மாவுக்கு அவ என்ன கேக்குறான்னே புரியல, ஃபிளாஸ்க்க திறந்து மோந்து பாத்துக்கிட்டு இருந்தாங்க. அதுக்கு பெறகு அக்கா மேடை ஏறல. 40 வருஷத்துக்கு மேல ஆச்சு.

அவ அழுது பரிசு வாங்கல தங்கச்சி. அவ அழவே இல்ல. ஆனா மறுநாள் வேலைக்கு ஆள் கூடுற பெரட்டுல ஒருத்தி, "அப்பன் செத்தத சொல்லி ஃபிளாஸ்க் வாங்கிட்டா"ன்னு சொன்னா. நீ எழுதுன அதே வரி. இப்ப தெரியுதா எனக்கு ஏன் சுருக்குன்னு குத்துச்சுன்னு?

2023ல ஜீ தமிழ் சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்ல யாழ்ப்பாணத்து கில்மிஷா ஜெயிச்சுச்சு. அதே சீசன்ல இலங்கை மலையகத்து தேயிலைத் தோட்டத்துலேருந்து ஒரு பொண்ணும் பாடுச்சு. அவங்க முன்னோருங்க அங்க போயி 200 வருஷம் ஆச்சுன்னு மலையகத்துல நினைவு கூர்ந்த வருஷமும் அதுதான். அவங்களும் லயம்னுதான் சொல்றாங்க, பெரட்டுன்னுதான் சொல்றாங்க, கங்காணின்னுதான் சொல்றாங்க, கித்தாவுக்கு பதிலா தேயிலை, அவ்வளவுதான் வித்தியாசம். அந்தப் பொண்ணு பாடுறப்ப நான் அக்கா வீட்ல இருந்தேன், இப்ப அவ ரவாங்ல மகளோட இருக்கா. பாட்டுக்கு முன்னாடி கஷ்டத்த பத்தின பேச்சு வந்துச்சு. அக்கா ஒண்ணும் சொல்லல, ரிமோட்ட எடுத்து சவுண்ட சுத்தமா கொறைச்சிட்டா. டிவியில வாய் மட்டும் அசையுது. நாங்க ரெண்டு பேரும் சத்தமில்லாத டிவிய பாத்துக்கிட்டு உக்காந்திருந்தோம். பொண்ணு மைக்க எடுத்து கண்ண மூடுனதும் சவுண்ட கூட்டுனா. மேல போற எடம் ஒண்ணு வந்துச்சு, அக்கா விரலு சோபா கையில தட்டுறது நின்னுடுச்சு, பொண்ணு எட்டுனதும் "ம்"னா. அவ்வளவுதான். முடிஞ்சதும் திரும்ப கொறைச்சிட்டா.

போன வாரம் வெளிய போன பையனுக்காக நீ கோவப்பட்டது நியாயம்தான், அத நான் இல்லேன்னு சொல்லல. ஆனா அந்தக் கோவத்த எடிட் பண்றவங்க மேல காட்டு, அந்தப் பொண்ணு மேல காட்டாத. அவ அன்னிக்கு பாட்டு எப்படி பாடுனான்னு உன் கடிதத்துல ஒரு வார்த்தை கூட இல்லையே, கவனிச்சியா? சுதி சேந்துச்சா, மூச்சு நின்னுச்சா, ஒண்ணும் எழுதல. அழுதத மட்டும் எழுதியிருக்க.

மகள அனுப்பலாமான்னு கேட்டிருந்தல்ல. ஆசைப்பட்டா அனுப்பு, கூடவே நீயும் போ. வீட்ட படம் எடுக்கணும், அம்மா பேசணும்னு சொன்னா முடியாதுன்னு சொல்ற தைரியத்தோட போ, அதனால போட்டியில சேத்துக்கலைன்னா பரவாயில்லன்னு கூட்டிக்கிட்டு வந்துடு, வர்ற வழியில நல்லா சாப்பிட வாங்கிக் கொடு. ஆனா எனக்கு ஒண்ணு தெரியணும். இவ்வளவு பெரிய கடிதத்துல "நல்லா பாடுவா"ன்னு ரெண்டு வார்த்தையோட முடிச்சிட்ட. என்ன பாட்டு பாடுவா? எந்த எடத்துல அவளுக்கு மூச்சு வாங்கும்? எழுது.

அன்புடன்
அக்கா