ட்ரான்ஸ்பார்மரைக் கருக்கியது யார்?

அப்பாவின் வால்வ் ஆம்ப்ளிபயரில் சத்தம் போய்விட்டது. ஸ்பீக்கரை ஓட்டும் ஈஎல்84 வால்வுக்குள் ஏதோ செக்கச்செவேல் என்று எரிகிறது. புது வால்வ் போட்டாலும் அதே கதை. (அல்சூர் வாசகர்)

இனிமேல் ஆன் செய்யாதீர்கள், அந்தப் புது வால்வும் போய்விடும். நம்ம பெங்களூர் பிஇஎல் (பாரத் எலெக்ட்ரானிக்ஸ்) செய்த ஈஎல்84 என்றால் இன்னும் பத்திரம்.

சிவப்பது ஸ்க்ரீன் கிரிட், வால்வுக்குள் பிளேட்டை ஒட்டி நிற்கும் கம்பி வலை. பிளேட்டுக்கு வோல்டேஜ் வராதபோது மொத்தப் பாரமும் அதன் தலையில் விழும். பிளக்கைப் பிடுங்கி, ஃபில்டர் கெப்பாசிட்டரை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் வைத்து வடித்து, மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே கை வையுங்கள். 7-ஆம் பின்னுக்கும் (அதுதான் பிளேட்) ஹெச்டி என்கிற ஹை டென்ஷன் சப்ளை லைனுக்கும் நடுவே சில நூறு ஓம்ஸ் இருக்க வேண்டும். மீட்டர் அசையாவிட்டால், வால்வுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே இருக்கும் அவுட்புட் ட்ரான்ஸ்பார்மரின் பிரைமரி (வால்வ் பக்கச் சுற்று) ஓப்பன். உடனே ரீவைண்டிங்குக்கு ஓட வேண்டாம். மேல் பேப்பரைப் பிரித்தால், மெல்லிய கம்பி லீட் ஒயரோடு சேரும் இடத்தில் பச்சை பூத்து அறுந்திருப்பது உண்டு. சுரண்டி சால்டர் வைத்தால் போதும்.

எஸ்.பி. ரோட்டில் சொல்லிக் கட்டிய அவுட்புட் ட்ரான்ஸ்பார்மர் இரண்டே வாரத்தில் கருகியது. கட்டினவர் ஏமாற்றிவிட்டாரா சார்? (சிவாஜிநகர்)

அவரோடு சண்டைக்குப் போகும் முன் முந்தைய வால்வை ஈஎல்84-இன் கிரிட்டோடு இணைக்கும் கப்ளிங் கெப்பாசிட்டரைப் பாருங்கள். பழைய பேப்பர் வகை கசியும். முந்தைய வால்வின் பிளேட் வோல்டேஜ் கிரிட்டுக்கு வந்து, ஈஎல்84 கண்டபடி கரண்ட் இழுக்கும். 2-ஆம் பின்னில் (அதுதான் கிரிட்) பூஜ்யம் வோல்ட் இருக்க வேண்டும். ஒன்றிரண்டு வோல்ட் பிளஸ் தெரிந்தால் செட்டை அணைத்து, வடித்து, கெப்பாசிட்டரின் ஒரு காலைக் கழற்றி மறுபடி அளங்கள். வோல்டேஜ் போய்விட்டால் குற்றவாளி அதுதான், போகாவிட்டால் வால்வே கெட்டது. இது தெரியாமல் நானே இரண்டு ட்ரான்ஸ்பார்மரைக் காவு கொடுத்தவன். அதன் பிறகு, அந்தக் கெப்பாசிட்டரை மாற்றாமல் எந்தச் செட்டிலும் புது ட்ரான்ஸ்பார்மர் ஏற்றுவதில்லை.

ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு வால்யூம் வைத்துப் பார்த்தீர்களா? அதுவும் இன்சுலேஷனைத் துளைக்கும்.

ட்ரான்ஸ்பார்மர் கட்டுபவர் சுற்று ரேஷியோ கேட்கிறார். என்ன சொல்ல? (இந்திராநகர்)

ஒற்றை ஈஎல்84 என்றால் பிரைமரி 5.2 கிலோ ஓம். ஸ்பீக்கர் 8 ஓம். வகுத்தால் 650, அதன் வர்க்கமூலம் சுமார் 25.5. ஆக 25.5-க்கு 1.

அதைவிட முக்கியம், ஒற்றை வால்வா, இரண்டு வால்வ் எதிரெதிராக வேலை செய்யும் புஷ்-புல்லா என்பது. பலரும் இதைச் சொல்ல மறந்துவிட்டு வருகிறார்கள். ஒற்றை வால்வில் கிட்டத்தட்ட 48 மில்லிஆம்ப் டிசி ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கோரின் இரும்புத் தகடுகளில் E வடிவ ஸ்டாம்பிங் எல்லாம் ஒரு பக்கம், I வடிவம் எல்லாம் மறுபக்கம், நடுவே பேப்பர் என்று அடுக்க வேண்டும். பழக்கதோஷத்தில் மாற்றி மாற்றிச் செருகிவிட்டால் கோர் சாச்சுரேட் ஆகும், அதாவது காந்தம் நிரம்பி அதற்கு மேல் ஏற்காது. மிருதங்கத்தில் வலந்தலை கேட்கும், தொப்பி காணாமல் போகும். புஷ்-புல்லுக்கு இந்த இடைவெளி வேண்டாம்.

புது ட்ரான்ஸ்பார்மர் போட்டதும் ஊளையிடுகிறது!

ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து முந்தைய வால்வுக்குத் திரும்பிப் போகும் ஃபீட்பேக் தலைகீழ். செகண்டரியின் (ஸ்பீக்கர் பக்கச் சுற்று) இரண்டு ஒயரையும் இடம் மாற்றிப் போடுங்கள்.