கல்யாணத்துக்கு நான்கு மாதம், அந்த இடத்தில் மரு: என்ன செய்யலாம்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன், வயது 31. ஆண்குறியின் அடியில் மூன்று மாதமாகச் சின்னச் சின்னதாக ஐந்தாறு மருக்கள். நோவு இல்லை, சாடையாகக் கடிக்கும். கால் ஆணிக்குப் போடும் மருந்தை பார்மசியில் வாங்கிப் போட்டேன், தோல் வெந்து புண்ணாகிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் கட்டாரில் வேலை செய்தபோது ஒருவரோடு பழக்கம் இருந்தது. அதன்பின் யாரும் இல்லை. இன்னும் நான்கு மாதத்தில் கல்யாணம். இது புற்றுநோயாக மாறுமா? கல்யாணத்துக்கு முன் சுகமாகுமா? அவளிடம் சொல்லத்தான் வேண்டுமா? தெரிந்தவர்கள் கண்ணில் படாமல் எங்கே போவது?

பதில்:

தம்பி, முதல் வேலையாக அந்தக் கால் ஆணி மருந்தை நிறுத்துங்கள். குதிக்காலின் தடித்த தோலைக் கரைக்கவென்று செய்த அமிலம் அது. அந்தரங்க உறுப்பின் மெல்லிய தோலில் பட்டால் மருவோடு சேர்த்து நல்ல தோலையும் தின்றுவிடும். சுண்ணாம்பு வைப்பது, உள்ளி நசுக்கிக் கட்டுவது, நூலால் இறுக்கிக் கட்டுவது, வினாகிரி தடவுவது எல்லாம் இதே கணக்குத்தான். புண்ணை வெறும் தண்ணீரால் கழுவி, உலர விட்டு, தளர்வான பருத்தி உள்ளாடை போடுங்கள். அந்த இடத்தில் சவரம் செய்ய வேண்டாம். பிளேடு கீறிய இடமெல்லாம் வைரஸுக்கு வாசல். இப்படிச் சவரம் செய்து, ஐந்தாக இருந்ததை ஐம்பதாக்கிக்கொண்டு வருகிறவர்கள் உண்டு.

அடுத்தது, இது மருதானா என்பதே இன்னும் தெரியாது. அந்த இடத்தில் வருகிற முளை எல்லாம் மரு இல்லை. ஆண்குறியின் தலைப்பகுதியைச் சுற்றி வரிசையாக, ஒரே அளவில் முத்து கோத்ததுபோல் இருக்கும் சிறு பருக்கள் பல ஆண்களுக்கு இயல்பாகவே இருப்பவை. அவற்றுக்கு மருந்தும் வேண்டாம், கவலையும் வேண்டாம். நடுவில் குழி விழுந்த, மினுங்கும் கொப்புளம் போன்றது வேறொரு வைரஸ். தட்டையாக, ஈரமாக, மருபோலவே தெரிவது சிபிலிஸ் எனும் மேகப்புண்ணின் இரண்டாம் கட்டமாகவும் இருக்கலாம். அதற்குப் பெனிசிலின் ஊசி இருக்கிறது, நன்றாகவே மாறும். ஆனால் மரு என்று நினைத்து கிறீம் பூசிக்கொண்டிருந்தால் அது உள்ளே போய் மூளை, இதயம் வரை சேதம் செய்யும். ஆகவே பழகிய கண் ஒன்று நேரில் பார்க்க வேண்டும். நண்பனுக்கு வாட்ஸ்அப்பில் படம் அனுப்பிக் கேட்பது அதற்கு ஈடாகாது.

மருவேதான் என்று வைத்துக்கொள்வோம். இதைத் தருவது எச்.பி.வி. என்ற வைரஸ். அதில் 200க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. பத்தில் ஒன்பது அந்தரங்க மருக்களுக்குக் காரணம் 6, 11 என்ற இரண்டு வகைகள்தான். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை உண்டாக்குபவை வேறு. அதில் முன்னணியில் நிற்கும் 16, 18 இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 70 சதவீதத்துக்குப் பொறுப்பு. இந்த வைரஸுக்கும் அந்தப் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பைக் கண்டுபிடித்ததற்குத்தான் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசனுக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆக, உங்கள் மரு புற்றுநோயாகும் என்ற பயத்தை விடலாம். ஒரே ஆளிடம் ஒன்றுக்கு மேற்பட்ட வகை இருக்கக்கூடும் என்பது உண்மை. அதற்காக ஆண்களுக்குச் செய்ய ஒரு விசேட பரிசோதனை கிடையாது. எச்.பி.வி.யை இரத்தத்தில் தேடிக் கண்டுபிடிக்கலாம் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்கிருந்து வந்தது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் மனம் அங்கேதான் சுற்றிக்கொண்டிருக்கும். வைரஸ் ஒட்டியபின் மரு தெரியச் சில வாரம் முதல் பல மாதம் வரை எடுக்கும். சிலருக்கு ஒரு வருடம் தாண்டியும் வரும். எனவே கட்டார் பழக்கத்திலிருந்து வந்திருக்கலாம், அதற்கு முன்பும் வந்திருக்கலாம். தேதி போட்டுச் சொல்ல யாராலும் முடியாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், கல்யாணமான தம்பதிகளில் ஒருவருக்கு மரு வந்ததும் மற்றவர் துரோகம் செய்துவிட்டார் என்று வீடே இரண்டாகிவிடுகிறது. இன்று முளைத்த மருவை வைத்து நேற்று நடந்ததை யாரும் நிரூபிக்க முடியாது. கழிப்பறை இருக்கையில், நீச்சல் குளத்தில் ஒட்டியது என்று சொல்வதும் சரியில்லை. பெரியவர்களுக்கு இது வருவது பாலுறவின்போது தோலோடு தோல் உரசுவதால். முழு உடலுறவு நடந்திருக்க வேண்டும் என்றும் இல்லை.

சிகிச்சைக்கு வருவோம். இங்கே ஒரு உண்மையைச் சொல்லாமல் எந்த மருந்தையும் பேசக்கூடாது: நாம் அகற்றுவது கண்ணுக்குத் தெரிகிற மருவை, வைரஸை அல்ல. வைரஸை அடக்குவது உங்கள் உடம்பின் எதிர்ப்புச் சக்தி. பெரும்பாலானோருக்கு ஒன்றிரண்டு வருடத்துக்குள் அது அந்த வேலையைச் செய்துவிடும். சிலருக்கு மருந்தே இல்லாமல் மரு உதிர்வதும் இதனால்தான். "ஒரே ஊசியில் வேரோடு போகும்" என்ற விளம்பரத்தை நம்ப வேண்டாம். அன்டிபயோட்டிக் குளிசையாலும் பலன் இல்லை, அது பக்டீரியாவுக்கானது.

கிளினிக்கில் செய்வதில் அதிகம் கேள்விப்படுவது திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது. மைனஸ் 196 பாகை செல்சியஸ் குளிரைச் சில விநாடி மருவின் மேல் படவிடுவார்கள். சுள்ளென்று எரியும், பிறகு சிவக்கும், சிலருக்குக் கொப்பளிக்கும், ஒன்றிரண்டு வாரத்தில் காய்ந்து விழும். ஒரு தரத்தில் முடியாது, ஒரு வாரம் இரண்டு வாரம் இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இன்னொன்று ட்ரைகுளோரோ அசெற்றிக் அமிலத்தைத் தொட்டு வைப்பது. இதுவும் அமிலம்தானே என்பீர்கள். வித்தியாசம் கையில் இருக்கிறது: எவ்வளவு, எங்கே, எப்போது நிறுத்துவது என்று தெரிந்தவர் சுற்றியுள்ள தோலைக் காத்து வைப்பார். பெரிய மருக்களை மரக்கச் செய்து வெட்டுவதும், மின்சூட்டால் சுடுவதும் உண்டு.

வீட்டில் நீங்களே பூசுவதற்கு இரண்டு மருந்துகள் இருக்கின்றன. இரண்டையும் டொக்டர் எழுதித் தந்துதான் எடுக்க வேண்டும். போடோபைலோடொக்சின் என்பது மூன்று நாள் காலையும் மாலையும் பூசி, நான்கு நாள் ஓய்வு விட்டு, மீண்டும் தொடங்குவது. நான்கு சுற்று வரை போகலாம். இமிகுவிமொட் கிறீம் நேராக மருவைத் தாக்காது, அந்த இடத்தின் எதிர்ப்புச் சக்தியைத் தட்டி எழுப்பும். வாரம் மூன்று இரவு பூசி, காலையில் கழுவ வேண்டும். 16 வாரம் வரை எடுக்கலாம். அந்த இடம் சிவந்து எரிவது எதிர்பார்க்க வேண்டியதே. இந்தக் கிறீம் ஆணுறையின் ரப்பரைப் பலவீனப்படுத்தும் என்பதையும் மனதில் வைத்திருங்கள். புண் ஆறாமல் இவை எதையும் தொடங்க மாட்டார்கள், ஆகவே நீங்கள் வெந்த தோல் மாறும் வரை கொஞ்சம் பொறுக்க வேண்டியிருக்கும்.

நான்கு மாதத்தில் முடியுமா? ஐந்தாறு சின்ன மரு என்றால் பெரும்பாலும் முடியும். உறுதி தர மாட்டேன். முதல் மூன்று மாதத்துக்குள் திரும்ப முளைப்பது சாதாரணம். முளைத்தால் திரும்பப் போய்க் காட்டுங்கள், சிகிச்சை தோற்றுவிட்டது என்று அர்த்தமில்லை. சிகரெட் பழக்கம் இருந்தால் இதுதான் விட நல்ல சந்தர்ப்பம். புகைப்பவர்களுக்கு மரு அதிகம் வருகிறது, லேசில் போவதும் இல்லை.

எங்கே போவது என்ற கேள்விக்குக் கொழும்பில் பதில் சுலபம். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில் தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் மத்திய கிளினிக் இருக்கிறது. உங்கள் பக்கத்துக்குக் கிட்ட என்றால் களுபோவில ஆஸ்பத்திரியிலும் பாலியல் நோய்க் கிளினிக் உண்டு. இலவசம். வேறு டொக்டரின் கடிதம் தேவையில்லை. விபரங்களை இரகசியமாக வைப்பார்கள், வீட்டுக்குக் கடிதம் போகாது. சிங்களம் தடுமாறினால் தமிழ் தெரிந்தவர் ஒருவரை முதலிலேயே கேளுங்கள், பாதி புரிந்து தலையாட்டிவிட்டு வர வேண்டாம். வெள்ளவத்தையில் ஒரு தும்மல் தும்மினால் பம்பலப்பிட்டியில் ஆயுசு நூறு சொல்வார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த வரிசையில் தெரிந்த முகம் ஒன்றைக் கண்டால் அவரும் உங்களைப் போல் ஒரு காரணத்தோடுதான் வந்திருப்பார், வெளியே போய்ச் சொல்ல மாட்டார். மருவோடு சேர்த்து எச்.ஐ.வி., சிபிலிஸ் இரண்டுக்கும் இரத்தம் எடுப்பார்கள். சந்தேகப்பட்டு அல்ல, எல்லோருக்கும் செய்வது. கல்யாணத்துக்கு முன் அந்தப் பெறுபேறு கையில் இருப்பது நல்லதும்கூட.

இனிக் கஷ்டமான கேள்வி: மணப்பெண்ணிடம் சொல்வதா? என் அபிப்பிராயம்: சொல்லுங்கள், கல்யாணத்துக்கு முன்பே சொல்லுங்கள். சொல்லாமல் இருந்து ஆறு மாதம் கழித்து அவருக்கு மரு வந்தால், அப்போது நீங்கள் விளக்க வேண்டியது மருவை மட்டுமல்ல, மறைத்ததையும் சேர்த்து. முழுக் கதையும் ஒரே மூச்சில் கொட்டத் தேவையில்லை. "எனக்கு ஒரு தோல் வைரஸ் இருந்தது, பாலுறவால் வருவது, சிகிச்சை எடுக்கிறேன், மற்ற இரத்தப் பரிசோதனை இன்னது காட்டியது, உங்களுக்கும் தடுப்பூசி இருக்கிறது" என்று தொடங்கலாம். வீட்டுப் பெரியவர்கள் வழியாக வேண்டாம். இது இரண்டு பேர் விஷயம். தனியாகச் சொல்லப் பயமென்றால் டொக்டர் முன்னிலையில் இருவரும் சேர்ந்து பேசலாம்.

எச்.பி.வி. தடுப்பூசி, ஏற்கனவே வந்துவிட்ட மருவை மாற்றாது. அவருக்கு அது இன்னும் தொற்றாத வகைகளைத் தடுக்கும், அதனால் அவருக்குத்தான் முக்கியம். இலங்கையில் 2017 முதல் பாடசாலையில் தரம் 6 மாணவிகளுக்குக் கொடுக்கிறார்கள். உங்கள் மணப்பெண்ணுக்கு அந்த வாய்ப்புக் கிடைத்திருக்காது. தனியார் ஆஸ்பத்திரிகளில் கேட்டுப் போடலாம். கேட்கும்போது 6, 11 வகைகளும் அடங்கியதா என்று கேளுங்கள். 16, 18க்கு மட்டும் செய்த ஊசியும் உண்டு, அது மருவைத் தடுக்காது. பெரியவர்களுக்கு வழக்கமாக மூன்று ஊசி: முதலாவது, இரண்டு மாதத்தில் அடுத்தது, ஆறாவது மாதத்தில் கடைசி. இப்போது தொடங்கினால் கல்யாணத்துக்கு முன் இரண்டு முடிந்துவிடும். அவுஸ்திரேலியா 2007இல் பெண் பிள்ளைகளுக்கு இந்த ஊசியைத் தொடங்கிய சில வருடத்திலேயே அங்கே இளம் பெண்களிடம் மரு மிக அரிதாகிவிட்டது. எங்கள் ஆண் பிள்ளைகளுக்கும் பாடசாலையிலேயே கொடுக்க வேண்டும் என்பது என் ஆசை.

மரு கண்ணுக்குத் தெரியும் வரை உறவு வேண்டாம். போனபின் சில மாதம் ஆணுறை போடுங்கள். ஆணுறை மூடாத தோலிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால் அது ஆபத்தைக் குறைக்கும், அடியோடு நீக்காது. கருப்பைக் கழுத்துப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்கச் செய்யும் பாப் பரிசோதனையை அவர் உரிய வயதில் செய்ய வேண்டும், 35 வயதில் சுகவனிதையர் கிளினிக்கில் செய்வார்கள். உங்கள் மருவுக்காக அதை அடிக்கடி செய்யத் தேவையில்லை.

பிள்ளை பெறுவதற்கு மரு தடையில்லை. கர்ப்ப காலத்தில் பெண்ணுக்கு மரு இருந்தால் அது பெருக்கலாம். அப்போது போடோபைலோடொக்சின் தொடவே கூடாது, இமிகுவிமொட்டும் தவிர்க்க வேண்டும், உறைய வைப்பது பாதுகாப்பானது. குழந்தையின் தொண்டையில் மரு வருவது மிக அபூர்வம். மரு இருக்கிறது என்பதற்காக மட்டும் சிசேரியன் செய்வதில்லை. ஆகவே பின்னொரு நாளில் அவர் கர்ப்பமானால் முதல் கிளினிக்கிலேயே மருத்துவிச்சியிடமோ டொக்டரிடமோ இதைச் சொல்லி வைக்கச் சொல்லுங்கள்.

சிகிச்சை நடக்கும்போது மரு திடீரென்று பெருத்தாலோ, கறுத்தாலோ, இரத்தம் கசிந்தாலோ, சிறுநீர் இரண்டு கிளையாகப் பிரிந்து வந்தாலோ அடுத்த தவணை வரை காத்திருக்காமல் உடனே போய்க் காட்டுங்கள்.