ஃபோர்மெட் கடைசியில்தான்

கணினி கேள்வி – பதில்

கேள்வி: அன்பின் ஆசிரியருக்கு, மடிக்கணினியில் சி ட்ரைவ் நிறைந்து சிவப்பாகிவிட்டது. ஒரு காணொளியில் காட்டியபடி விண்டோஸ் ஃபோல்டருக்குள் போய், உரிமையை என் பெயருக்கு மாற்றி, ‘சிஸ்டம்32’இல் பழைய திகதியுள்ள கோப்புகளை அழித்தேன். மறுநாள் நீலத்திரை. இப்போது ‘ஒட்டோமேட்டிக் ரிப்பேர்’ என்று சுற்றிக்கொண்டே இருக்கிறது. டவுன் கடையில் ஃபோர்மெட் அடிக்க வேண்டும் என்கிறார்கள். தோட்ட அலுவலகத்தின் எட்டு மாதச் செக்ரோல் (தொழிலாளர் வருகை, சம்பளப் பதிவு) கணக்கு இதில்தான் இருக்கிறது. வேறு வழி உண்டா?
– வாசகர், பொகவந்தலாவை

பதில்: உண்டு. கணக்கும் பெரும்பாலும் பத்திரமாகவே இருக்கும். நீங்கள் கைவைத்தது ‘விண்டோஸ்’ ஃபோல்டரில். டெஸ்க்டொப், டொக்யுமென்ட்ஸ் எல்லாம் ‘யூஸர்ஸ்’ என்ற வேறு ஃபோல்டரில். ஃபோர்மெட் அடித்தால் இரண்டும் சேர்ந்தே போகும். அதனால் கடைக்காரரைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.

முதல் வேலை பழுது பார்ப்பதல்ல, கணக்கை வெளியே எடுப்பது. ரிப்பேர் திரையில் ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘ட்ரபிள்ஷூட்’, மறுபடி ‘அட்வான்ஸ்ட் ஒப்ஷன்ஸ்’, ‘கமாண்ட் ப்ரொம்ப்ட்’ என்று போங்கள். அந்தத் திரையே வராவிட்டால், லோகோ தெரியும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படிச் செய்தால் வந்துவிடும். 48 இலக்கச் சாவி கேட்டால் ட்ரைவ் பிட்லொக்கர் என்ற விண்டோஸின் பூட்டு வசதியால் பூட்டப்பட்டிருக்கிறது. கணினியில் பதிந்த மைக்ரோசொஃப்ட் கணக்கிற்குள் கைபேசியிலிருந்து நுழைந்து பாருங்கள், சாவி பெரும்பாலும் அங்கே இருக்கும். சாவி கிடைக்காமல் செக்ரோல் கணக்கை எடுக்க முடியாது.

கறுப்புத் திரையில் ‘நோட்பேட்’ என்று தட்டி என்டர் கொடுங்கள். (இங்கே தமிழில் அச்சாகும் கட்டளைகளை எல்லாம் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும்.) ஃபைல் – ஓபன் போய், கீழே ‘ஓல் ஃபைல்ஸ்’ என்று மாற்றினால் ட்ரைவ்கள் முழுக்கத் தெரியும். ஃபோல்டரில் ரைட் கிளிக் செய்து கொப்பி எடுத்து, பென் ட்ரைவில் பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு ஏறியது என்று காட்டும் பட்டை வராது. ஜன்னல் உறைந்துபோன மாதிரி நிற்கும். பெரும்பாலோர் இந்த இடத்தில்தான் பதறி அணைத்துவிடுகிறார்கள். விடுங்கள், முடிந்ததும் தானாக அசையும். பென் ட்ரைவ் ஃபெட்32 என்றால் 4 ஜிபிக்கு மேற்பட்ட தனிக் கோப்பு ஏறாது.

இதே ஜன்னலில் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: விண்டோஸ் ஃபோல்டர் எந்த எழுத்துள்ள ட்ரைவில் இருக்கிறது? ரிப்பேர் திரையில் சி என்பது பல நேரம் டி ஆகிவிடும். கீழே டி என்று வைத்தே எழுதுகிறோம்.

இனிப் பழுது. முதலில் அதே பட்டியலில் ‘சிஸ்டம் ரெஸ்டோர்’. அழிப்பதற்கு முந்திய திகதியில் ஒரு புள்ளி இருந்தால் பாதி வேலை மிச்சம். இல்லையென்றால் மீண்டும் கறுப்புத் திரையில் எஸ்எஃப்சி, அதாவது விண்டோஸ் கோப்புகளைச் சோதித்துச் சரிசெய்யும் கட்டளை:

எஸ்எஃப்சி /ஸ்கேன்நவ் /ஒஃப்பூட்டிர்=டி:\ /ஒஃப்வின்டிர்=டி:\விண்டோஸ்

‘ஒஃப்’பில் எஃப் இரண்டு, ‘டிர்’ என்பது டி, ஐ, ஆர். சாய்கோடு ஒவ்வொன்றின் முன்னும் ஓர் இடைவெளி. பின்னிரண்டு பகுதிகளையும் விட்டுவிட்டு வெறும் ஸ்கேன்நவ் கொடுத்தால் உங்கள் விண்டோஸை அது பார்க்காது. ‘ரிப்பேர் பெண்டிங், ரீஸ்டார்ட் செய்’ என்று திருப்பி அனுப்பும். எத்தனை ரீஸ்டார்ட் செய்தாலும் அதே பதில்தான்.

எஸ்எஃப்சி தனக்கு வேண்டிய நல்ல பிரதிகளை விண்டோஸுக்குள்ளேயே இருக்கும் ‘வின்எஸ்எக்ஸ்எஸ்’ ஃபோல்டரிலிருந்து எடுக்கிறது. அதையும் நீங்கள் தொட்டிருந்தால் ‘சிலவற்றைச் சரிசெய்ய முடியவில்லை’ என்று முடிக்கும். அப்போது வெளியிலிருந்து பிரதி வேண்டும். வேறொரு விண்டோஸ் கணினியில் மைக்ரோசொஃப்டின் மீடியா கிரியேஷன் டூலைக் கொண்டு குறைந்தது 8 ஜிபி பென் ட்ரைவில் நிறுவல் பிரதி செய்யுங்கள். கணக்கை ஏற்றிய பென் ட்ரைவை இதற்கு எடுக்காதீர்கள், முழுவதும் அழிந்துவிடும். தரவிறக்கம் பல ஜிபி. இரவு டேட்டா உள்ளவர்கள் இரவில் போடுங்கள். பிறகு, பென் ட்ரைவ் ஈ என்றால், அதிலிருந்து நல்ல பிரதிகளை எடுக்கும் டிஸ்ம் கட்டளை:

டிஸ்ம் /இமேஜ்:டி:\ /கிளீன்அப்-இமேஜ் /ரெஸ்டோர்ஹெல்த் /சோர்ஸ்:ஈஎஸ்டி:ஈ:\சோர்சஸ்\இன்ஸ்டோல்.ஈஎஸ்டி:1

கடைசி இலக்கம் ஹோம், ப்ரோ என்ற பதிப்பைப் பொறுத்து மாறும். ‘டிஸ்ம் /கெட்-விம்இன்ஃபோ /விம்ஃபைல்:’ என்று தட்டி, அதே கோப்பின் பாதையை ஒட்டினால் பட்டியல் வரும். விண்டோஸ் 10க்கு 11இன் பிரதியைக் கொடுத்தால் ‘சோர்ஸ் கிடைக்கவில்லை’ என்றுதான் சொல்லும். இது முடிந்ததும் எஸ்எஃப்சியை இன்னொரு முறை ஓட்டுங்கள்.

‘சிஸ்டம்32’க்குள் ‘கொன்ஃபிக்’ ஃபோல்டரை அழித்திருந்தால் மட்டும் இந்த இரண்டு கட்டளையாலும் பயனில்லை. விண்டோஸின் அமைப்புகள் பதிந்திருக்கும் ரெஜிஸ்ட்ரி இருப்பது அங்கே; அது உங்கள் கணினிக்கே உரியது, வெளியிலிருந்து கொண்டுவர முடியாது. முன்பு ‘ரெக்பெக்’ என்ற ஃபோல்டரில் தானாக ஒரு பிரதி விழும். விண்டோஸ் 10இன் 1803 பதிப்பிலிருந்து அதுவும் நின்றுவிட்டது. அப்போது மறுநிறுவல்தான், ஆனாலும் ஃபோர்மெட் இல்லாமல்: பென் ட்ரைவிலிருந்து தொடங்கி (டெல், லெனோவோவில் எஃப்12, எச்பியில் எஃப்9), ‘கஸ்டம்’ தெரிவில் விண்டோஸ் இருந்த பழைய பார்ட்டிஷனையே காட்டி, ஃபோர்மெட், டிலீட் பட்டன்களைத் தொடாமல் ‘நெக்ஸ்ட்’. பழையதெல்லாம் ‘விண்டோஸ்.ஓல்ட்’ என்ற ஃபோல்டருக்குள் போய்ச் சேரும். ஒஃபிஸ் போன்றவற்றைத் திரும்பப் போடவேண்டி வரும். அந்த ஃபோல்டரைச் சில நாட்களில் விண்டோஸே அழித்துவிடும், ஆறப்போடாதீர்கள்.

மழைக்காலத்தில் லைன் எப்போது போகும் என்று உங்களுக்குத் தெரியாததல்ல. பற்றரி நன்றாக ஏறியபின், சார்ஜரும் செருகியபடி தொடங்குங்கள். டிஸ்ம் நடுவில் நின்றால் மறுபடி ஓட்டலாம். நிறுவல் நடுவில் நின்றால் வம்பு.

ஒரு விடயம்: கோப்பின் திகதி பழையது என்றால் அது பாவனையில் இல்லை என்று அர்த்தமில்லை. மைக்ரோசொஃப்ட் மாற்றத் தேவையில்லாத கோப்பு பழைய திகதியோடேயே இருக்கும், தினமும் வேலையும் செய்யும்.

கேள்வி: ஒரு டிஎல்எல் (நிரல்கள் பொதுவாகப் பாவிக்கும்) கோப்பு இல்லை என்று பிழை வருகிறது. அண்ணனின் கணினியிலிருந்து எடுத்துப் போடலாமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இரண்டிலும் விண்டோஸ் பதிப்பும் பில்ட் இலக்கமும் ஒன்றானால் போடலாம். ‘வின்வெர்’ என்று தட்டினால் இரண்டும் தெரியும். 64 பிட் விண்டோஸில் பெயர்கள் தலைகீழ்: 64 பிட் கோப்பு ‘சிஸ்டம்32’இல், 32 பிட் கோப்பு ‘சிஸ்வொவ்64’இல். மாற்றிப் போட்டால் வேறொரு பிழை வரும். டிஎல்எல் இலவசமாகத் தரும் தளங்களின் பக்கம் போகவேண்டாம். கணினி ஓடுகிறதென்றால், விண்டோஸின் சொந்தக் கோப்புக்கு மேலே சொன்ன எஸ்எஃப்சியே போதும்.

கேள்வி: சி ட்ரைவில் இடமில்லை. எதைத்தான் அழிக்கலாம்?
– ஆசிரியர், பதுளை

பதில்: ‘டிஸ்க் கிளீன்அப்’பில் ‘கிளீன் அப் சிஸ்டம் ஃபைல்ஸ்’ காட்டுவதைத் தாராளமாக அழிக்கலாம், பட்டியலில் டவுன்லோட்ஸ் வந்தால் அதை மட்டும் பார்த்துக் குறியிடுங்கள். ஹைபர்னேட் (வேலையைச் சேமித்துவிட்டு அணையும் வசதி) பாவிக்காதவர் கமாண்ட் ப்ரொம்ப்டில் ‘பவர்சிஎஃப்ஜி /எச் ஒஃப்’ கொடுத்தால் 8 ஜிபி ரெம் உள்ள கணினியில் ஏறக்குறைய 3 ஜிபி திரும்பும். வின்எஸ்எக்ஸ்எஸ் பெரிதாகத் தெரிவது, ஒரே கோப்பு இரண்டு இடத்தில் எண்ணப்படுவதால், கையால் தொடவேண்டாம். விண்டோஸுக்குள் மறைந்திருக்கும் ‘இன்ஸ்டோலர்’ ஃபோல்டரையும் அப்படியே விடுங்கள். அழித்த அன்று ஒன்றும் தெரியாது, ஒஃபிஸைப் புதுப்பிக்கும் அன்றுதான் அடிபடும்.