மணற்கல் பூமியில் போர்: 40 அடி கேசிங் போதுமா, அடிவரை பைப் வேண்டுமா?

கேள்வி: பண்ருட்டி பக்கம் எனக்கு 3 ஏக்கர் செம்மண் நிலம். சொட்டுநீர் அமைத்து மிளகாயும் கத்தரியும் வைக்க, 300 அடிக்கு போர் போட நினைக்கிறேன். ஒருவர் 6½ இஞ்ச் துளை போட்டு, மேலே 40 அடிக்கு மட்டும் கேசிங் (துளை சரியாமல் தாங்கும் பைப்) இறக்கினால் போதும் என்கிறார். சேலத்தில் என் மைத்துனர் போட்டிருப்பதும் அப்படித்தான். பத்து வருஷமாகத் தொந்தரவு இல்லாமல் ஓடுகிறது. இன்னொருவர் 12 இஞ்ச் துளை, அடிவரை பைப், ஃபில்டர் (தண்ணீர் உள்ளே வரக் கீறல் வெட்டிய பைப்), சுற்றிலும் கூழாங்கல் என்று ஏறக்குறைய இரண்டு மடங்கு விலை சொல்கிறார். தேவையில்லாததை என் தலையில் கட்டப் பார்க்கிறாரா?

பதில்: இல்லை. உங்கள் நிலத்துக்கு இரண்டாமவர் சொல்வதுதான் சரி. உங்கள் மைத்துனர் செய்ததும் சரிதான், ஆனால் அது சேலத்துக்குச் சரி.

சேலம், நாமக்கல், தர்மபுரி எல்லாம் கரும்பாறை பூமி. மேல்மண்ணும் சுக்கான்பாறையும் தாண்டி, கெட்டிப்பாறைக்குள் ஓரிரு அடி கேசிங் உட்கார்ந்துவிட்டால் அதற்குக் கீழே துளை தானாக நிற்கும். தண்ணீர் பாறை வெடிப்பிலிருந்து வரும். அங்கே அடிவரை பைப் போடுவதுதான் வீண் செலவு. உங்கள் ஊரில் கிடப்பது கடலூர் மணற்கல். பெயரில்தான் கல், கையில் எடுத்து நசுக்கினால் பல இடங்களில் உதிர்ந்துவிடும். மணல், களி, மறுபடி மணல் என்று அடுக்கடுக்காக இருக்கும். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெட்டி எடுக்கிறார்களே, அதே மண்தான். அதில் பைப் இல்லாமல் விட்டால் மோட்டார் ஓட ஓட மணல் சரியும். முதலில் தண்ணீர் கலங்கும், அப்புறம் பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லர் தேயும், கடைசியில் மோட்டாரே மண்ணில் மாட்டிக்கொள்ளும். செயின் பிளாக் போட்டு இழுத்து, கயிறு அறுந்து, மோட்டாரை உள்ளேயே விட்டுவிட்டு வந்த இடங்களை நான் பார்த்திருக்கிறேன்.

செலவைக் குறைக்கலாம், ஆனால் வேறு இடத்தில். கோடையில் காய்கறிக்கு நாளைக்கு 5 மி.மீ. உயரத் தண்ணீர் என்று வைத்தால் ஏக்கருக்குச் சுமார் 20,000 லிட்டர் வரும். மூன்று ஏக்கருக்கு 60,000 லிட்டர்; எட்டு மணி நேரம் ஓட்டினால் மணிக்கு 7,500 லிட்டர். இதை 4 இஞ்ச் சப்மெர்சிபிள் (தண்ணீருக்குள் மூழ்கி ஓடும்) மோட்டாரே எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் 6 இஞ்ச் கேசிங் தாராளம். 8 இஞ்ச் வேண்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். துளையை மட்டும் 12 இஞ்சிலிருந்து குறைக்க விடாதீர்கள். அப்போதுதான் பைப்பைச் சுற்றி எல்லாப் பக்கமும் இரண்டரை இஞ்சுக்குக் கூழாங்கல் நிற்கும். பைப் ஒரு பக்கமாகச் சாயாமல் நடுவில் நிற்க சென்ட்ரலைசர் போடச் சொல்லுங்கள்.

பைப்பில் ஐ.எஸ். 12818 (போர் பைப்புக்கான இந்தியத் தர எண்) முத்திரை இருக்கிறதா பாருங்கள். அதில் சி.எஸ். என்ற ரகம் 80 மீட்டர் ஆழம் வரைக்கும்தான். உங்கள் 300 அடி 91 மீட்டர் ஆகிறது, அதனால் சி.எம். ரகம் வாங்க வேண்டும். விலைப்பட்டியலில் வெறும் ‘பி.வி.சி. பைப்’ என்று எழுதியிருந்தால் எந்த ரகம் என்று எழுதி வாங்குங்கள். ஃபில்டர் பைப் கம்பெனியில் வெட்டியதாக இருக்க வேண்டும். களத்திலேயே ஆக்ஸா பிளேடால் கீறித் தருகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். கீறல் ஒரே அளவில் வராது, பைப்பும் பலவீனமாகும்.

இந்தப் போரின் ஆயுள் ஃபில்டரை எங்கே வைக்கிறீர்கள் என்பதில்தான் இருக்கிறது. துளை போடும்போது 10 அடிக்கு ஒரு பிடி மண் எடுத்து வரிசையாகத் தரையில் வைக்கச் சொல்லி, பக்கத்திலேயே நில்லுங்கள். முடிந்தால் பைப் இறக்கும் முன் மின் லாகிங்கும் (துளைக்குள் கருவி இறக்கி எந்த ஆழத்தில் மணல், எங்கே களி என்று பார்ப்பது) செய்துகொள்ளுங்கள். நல்ல மணல் அடுக்கு வரும் இடத்துக்கு நேராக மட்டும் ஃபில்டர். களிக்கு நேராக ஓட்டையில்லாத பைப். அடியில் 10 அடி வெறும் பைப் விட்டு முனையை அடைத்தால் தப்பி வரும் மணல் அதில் தங்கும். மோட்டாரை ஒருபோதும் ஃபில்டருக்கு நேராகத் தொங்கவிடாதீர்கள். தண்ணீர் அந்த இடத்தில் வேகமாகப் பாய்ந்து மணலையும் இழுத்துக்கொண்டு வரும்.

சுற்றிப் போடுவது உருண்டையான, கழுவிய கூழாங்கல்லாக இருக்கட்டும். 2 முதல் 4 மி.மீ. அளவு. ஜல்லிப் பொடியும் கல் சிப்ஸும் மலிவுதான், ஆனால் அவை வேண்டாம். மேலே கடைசி 15 அடிக்குக் கூழாங்கல் போடாமல் களிமண்ணோ சிமெண்ட் கலவையோ கொண்டு அடைக்க வேண்டும். இல்லாவிட்டால் மழைத் தண்ணீரும் மாட்டுக்கொட்டகைக் கழிவும் கூழாங்கல் வழியே நேராக உள்ளே இறங்கும்.

அப்புறம் கழுவுதல். ரோட்டரி முறையில், அதாவது சேற்றுக் கரைசலை ஓடவிட்டுச் சுழற்றித் துளை போடும்போது, அந்தக் கரைசல் மணலின் வாயை அடைத்திருக்கும். காற்றடித்துக் கழுவும் கம்ப்ரசரை அரைமணி ஓட்டிவிட்டு ‘தண்ணீர் இவ்வளவுதான்’ என்று கிளம்பப் பார்ப்பார்கள். தெளியும் வரை, நாள் முழுக்க ஆனாலும், விட்டு விட்டு ஓட்டச் சொல்லுங்கள். வெள்ளை பக்கெட்டில் பிடித்து இருபது நிமிஷம் வைத்துப் பாருங்கள். அடியில் மணல் படிந்தால் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம். கழுவும்போது கூழாங்கல் கீழே இறங்கும், மேலே நிரப்பக் கொஞ்சம் மிச்சம் வைத்திருக்க வேண்டும். மேல் அடைப்பை அது இறங்கி நின்ற பிறகே போடுங்கள்.

போர் போடுவதற்கு 15 நாள் முன்பே எழுத்தில் தகவல் தர வேண்டும் என்பது உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்ன விதி. ஊராட்சியில் அனுமதியும் வாங்குங்கள். கேசிங்கைச் சுற்றி அரை மீட்டர் சதுரத்துக்கு, தரைக்கு மேலே ஒரு அடி, கீழே ஒரு அடி கான்கிரீட் மேடை கட்டச் சொல்வதும் அதே உத்தரவுதான். 12 இஞ்ச் துளையில் ஒரு குழந்தை விழுந்துவிடும். வேலை நடக்கும் நாட்களில் இரவு மூடிவைக்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள். சேற்றுக்குழியை மூடி, வாய்க்கு போல்ட் போட்ட மூடி மாட்டும் வரை கடைசித் தவணைப் பணம் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.