நொதி வெட்டவில்லை என்றால் குவானின் தப்பித்துவிட்டதா?

கேள்வி: மனித டெலோமியர் (குரோமோசோமின் முனைப்பகுதி) வரிசை கொண்ட 22 எழுத்து டி.என்.ஏ. இழையைப் பொட்டாசியம் கரைசலில் மடியவிட்டு, ஒளி பட்டால் குவானினைக் (டி.என்.ஏ.வின் நான்கு காரங்களில் ஒன்று) கெடுக்கும் ரிபோஃப்ளேவின் சேர்த்து ஒளியில் வைத்தேன். பிறகு கெட்ட குவானினை நீக்கும் ஓஜிஜி1 நொதி சேர்த்து, இழைத் துண்டுகளை நீளவாரியாகப் பிரிக்கும் ஜெல்லில் ஓட்டினேன். வெட்டுப்பட்ட பட்டை ஒன்றுகூட இல்லை. மடிப்பு குவானினைக் காத்தது என்று ஆய்வேட்டில் எழுதலாமா? (ஆய்வு மாணவி)

பதில்: தயவுசெய்து எழுதிவிடாதீர்கள். ஓஜிஜி1 வெட்டவில்லை என்பதை மட்டுமே உங்கள் ஜெல் சொல்கிறது. அந்த நொதிக்கு இரட்டை இழை வேண்டும். எதிர் இழையில் சைட்டோசின் இருந்தால்தான் 8-ஆக்ஸோகுவானினை, அதாவது ஆக்சிஜனேற்றத்தால் கெட்ட குவானினை, சரிவரப் பிடுங்கும். நான்கு நான்காக மூன்று அடுக்கில் குவானின்கள் அமர்ந்திருக்கும் உங்கள் மடிப்பில் எதிர் இழையே கிடையாது. கேடு இருந்தாலும் நொதி கடந்து போய்விடும்.

மடிப்பு குவானினைக் காத்திருக்கும் என்று நம்பிவிடவும் முடியாது. நான்கு காரங்களில் எலக்ட்ரானை மிக எளிதில் இழந்து கெடுவது குவானின். மடிப்பின் மேலடுக்கும் கீழடுக்கும் கரைசலுக்குத் திறந்தே கிடக்கின்றன. ஓர் அடுக்கை மட்டும் உற்றுப் பாருங்கள்: ஒவ்வொரு குவானினின் 7ஆம் நைட்ரஜனும் பக்கத்துக் குவானின் நீட்டும் ஹைட்ரஜனை ஏற்றுக்கொள்கிறது. 8-ஆக்ஸோகுவானின் ஆனதும் அதே நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன் வந்து ஒட்டிக்கொள்கிறது. வாங்க வேண்டிய கை கொடுக்கும் கையாகி, அந்தப் பிணைப்பு அறுகிறது. நடு அடுக்கில் இப்படி நேர்ந்தால் மடிப்பு மிகவும் தளரும். 295 நானோமீட்டர் ஒளியின் உறிஞ்சலைக் கொண்டு, மடிப்பு அவிழும் வெப்பநிலையான உருகுநிலையை அளந்தால் இந்தத் தளர்ச்சி தெரியும்.

இனி, ஒளியில் வைத்த மாதிரியிலிருந்து பொட்டாசியத்தை நீக்குங்கள். லித்தியம் குளோரைடு கரைசலில் எதிர் இழையைச் சற்று மிகுதியாகச் சேர்த்து, 95 டிகிரி செல்சியசில் 5 நிமிடம் வைத்து மெதுவாக ஆறவிடுங்கள். லித்தியம் இந்த மடிப்பைத் தாங்கிப் பிடிப்பதில்லை. இரட்டை இழை உருவான பிறகு நொதியைச் சேருங்கள். ஓஜிஜி1 காரத்தைப் பிடுங்குவதில் கெட்டி, இழையை வெட்டுவதில் மந்தம். ஆகவே காரம் பிடுங்கப்பட்ட இடத்தில் இழை அறுபட, சோடியம் ஹைட்ராக்சைடு சேர்த்துச் சூடாக்கிவிட்டு ஜெல்லில் ஏற்றுங்கள்.

பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. 8-ஆக்ஸோகுவானின் குவானினைவிடவும் எளிதில் எலக்ட்ரானை இழந்து ஹைடன்டோயின் வகைப் பொருள்களாக மாறிவிடும். ஓஜிஜி1 அவற்றை நீக்காது. பாக்டீரியாவின் எஃப்பிஜி நொதி நீக்கும். சூடான பைப்பரிடின் என்ற வேதிப்பொருள் அவை இருக்கும் இடத்தில் இழையை வெட்டும், 8-ஆக்ஸோகுவானினிடம் பெரும்பாலும் தயங்கும். எனவே ஓஜிஜி1, எஃப்பிஜி, பைப்பரிடின் ஆகிய மூன்றையும் தனித்தனியே கொடுத்த மாதிரிகளை அடுத்தடுத்த தடங்களில் ஓட்டுங்கள். மடிந்த டெலோமியரிலேயே ஹைடன்டோயினை நீக்கவல்ல நெயில்3 என்ற நொதி நம் உயிரணுக்களில் இருக்கிறது. அதுவும் அங்குள்ள 8-ஆக்ஸோகுவானினைத் தொடுவதில்லை.

கேடு இருந்தும் நொதி எப்போது வெட்டாது என்பதை ஒப்பிட்டுக் காட்ட, 8-ஆக்ஸோகுவானின் இருக்குமிடம் தெரிந்த செயற்கை இழை ஒன்றை வாங்கி, மடித்த நிலையிலும் இரட்டை இழையாகவும் ஓஜிஜி1 கொடுத்து ஓட்டிவிடுங்கள். அந்த இரு தடங்களும் இல்லாத ஜெல்லை ஆய்வேட்டில் சேர்க்க வேண்டாம்.