தினமும் பேசியும் தனிமை போகவில்லையே?

கேள்வி: பெருந்தொற்றுக்குப் பயந்து அம்மா தனி வீட்டிலேயே அடைந்து கிடக்கிறார். தினமும் போன் செய்கிறேன். “சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா” என்று கேட்டதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. “யாருமே இல்லாத மாதிரி இருக்கு” என்கிறார். வேறு என்ன செய்வது?

பதில்: இரண்டு கேள்விக்கும் “ஆச்சு” என்ற ஒரே சொல் போதும். அதற்கு மேல் அவர் பேச இடமே இல்லை. மாத்திரைக் கணக்கைக் காலையில் ஒரு குறுஞ்செய்தியில் முடித்துவிடுங்கள். போனில் “தொட்டிச் செடி துளிர்விட்டுச்சா, எப்போ தண்ணி ஊத்துறீங்க?” என்று ஆரம்பியுங்கள். உங்களுக்கு ஒரு சட்டைப் பொத்தான் தைக்க வேண்டுமானால் அவரிடமே யோசனை கேளுங்கள். தன்னால் இன்னும் ஒருவருக்கு உதவி உண்டு என்ற எண்ணம் தெம்பு தரும்.

அவர் பேச்சை நிறுத்தியதும் மனதுக்குள் ஐந்து எண்ணுங்கள். பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் உண்மையான சங்கதி வரும். பயமாக இருக்கிறது என்றால் “கவலைப்படாதீங்க” என்று மூடிவிடாதீர்கள், “ராத்திரியிலதான் ரொம்பக் கஷ்டமா இருக்கா?” என்று கேளுங்கள்.

பத்து நிமிடம் போதும், நேரம் மாறக் கூடாது. வைப்பதற்கு முன் “நாளைக்கு ஆறு மணிக்குக் கூப்பிடுறேன்” என்று சொல்லுங்கள். முடியாத நாளில் முன்னதாகவே தகவல் சொல்லிவிடுங்கள். நோய்க்காலத்தில் வராத அழைப்பு அவரை எதையெதையோ நினைக்க வைக்கும்.

2020-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் 240 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. பரிவோடு பேசக் கொஞ்சம் பயிற்சி பெற்ற, மருத்துவத் துறை சாராத இளைஞர்கள் 4 வாரம் போனில் பேசினார்கள். பேச்சை எதிர்முனையில் இருப்பவர் விருப்பத்துக்கு விட்டார்கள். அழைப்பு வந்தவர்களுக்குத் தனிமையும் பதற்றமும் மனச்சோர்வும் குறைந்தன. அறிமுகமில்லாதவர்களாலேயே இது முடிந்தது.

வீடியோவில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் பேசினால், காது மந்தமானவர் வெறுமனே தலையாட்டுவார். ஒருவர் பின் ஒருவராகப் பேசுங்கள். வெளிச்சம் உங்கள் முகத்தில் விழட்டும். முதுகுக்குப் பின்னால் ஜன்னல் இருந்தால் உதட்டசைவு தெரியாது.

கேள்வி: தனிமைப்படுத்தலில் இருக்கிறேன். இரவெல்லாம் நோய்ச் செய்திதான் பார்க்கிறேன், மூன்று மணிவரை தூக்கமில்லை.

பதில்: செய்தி பகலில் இரண்டு முறை, தலா 15 நிமிடம். அதோடு சரி. போனைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் சார்ஜ் போடுங்கள். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் ஒன்றாகவே இருக்கட்டும். எழுந்ததும் ஜன்னலோரம் வெளிச்சத்தில் அரை மணி நேரம் இருங்கள். விடியற்காலையில் தூங்கியதை ஈடுகட்ட மதியம் வரை படுத்தால், அன்றிரவும் தூக்கம் தள்ளிப்போகும். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். படுத்து இருபது நிமிடம் போல் ஆகியும் தூக்கம் வரவில்லையென்றால் எழுந்து, மங்கிய வெளிச்சத்தில் துணி மடியுங்கள். கண் சொக்கியதும் படுங்கள்.

சோர்வும் எதிலும் பிடிப்பின்மையும் அநேகமாக எல்லா நாளும் இரண்டு வாரம் நீடித்தால் மருத்துவரிடம் போனிலாவது பேசுங்கள். உயிரோடு இருக்க வேண்டாம் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே நெருங்கிய ஒருவரையும் அவசர உதவியையும் அழையுங்கள். உதவி வரும்வரை அந்த நெருங்கியவர் போனை வைக்காமல் பேசிக்கொண்டே இருக்கட்டும்.