நெருப்பைச் சுற்றி ஐந்து முகங்கள்

அன்புள்ள ஐயா,

இரவில் தீ மூட்டி அதைச் சுற்றி அமர்ந்திருக்கும் ஐவரை எண்ணெய் வண்ணத்தில் தீட்டி வருகிறேன். மஞ்சளையும் வெள்ளையையும் எவ்வளவு ஏற்றினாலும் நெருப்பு ஒளிர மறுக்கிறது. காட்மியம் ஆரஞ்சு வாங்கினால் சரியாகுமா? புகைப்படத்தைப் பார்த்து வரைவது தவறா? படத்தை இணைத்துள்ளேன்.

அன்புள்ள நண்பருக்கு,

காட்மியம் ஆரஞ்சு நல்ல வண்ணம், வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் அது உங்களைக் காப்பாற்றாது. புகைப்படக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது, அதை விடுங்கள்.

தீவெளிச்ச ஓவியத்துக்கு நெருப்பே தேவையில்லை என்ற எண்ணம் சில காலமாகவே எனக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. ஜார்ஜ் த லா தூர் (1593–1652) தீட்டிய, பிரான்சின் ரென் நகர அருங்காட்சியகத்திலுள்ள பச்சிளங்குழந்தை ஓவியத்தில், ஒரு பெண்ணின் உயர்த்திய கை மெழுகுவத்திச் சுடரை மறைத்துவிடுகிறது. ஆனாலும் ஒளி எங்கிருந்து வருகிறது என்று எவருக்கும் ஐயம் எழுவதில்லை. என் ஆசிரியர் எங்கள் படங்களில் சுடரைத் தம் உள்ளங்கையால் மூடிவிட்டு, "இப்போது சொல், விளக்கு எங்கே இருக்கிறது?" என்று கேட்பார். உங்கள் படத்தில் நெருப்பை மூடிப் பார்த்தேன். ஐந்து முகங்களும் ஒரே ஆரஞ்சில், ஒரே பிரகாசத்தில் இருக்கின்றன. மூக்கின் நிழல்கூட நண்பகல் வெயிலில் விழுவதுபோலக் கீழ்நோக்கி விழுகிறது! தரையில் எரியும் தீ தாடையின் அடியையும் புருவத்தின் அடியையும்தானே ஒளியூட்டும்?

சிறிய தீயிலிருந்து இருமடங்கு தொலைவுக்குப் போனால் ஒளி நாலில் ஒரு பங்காகிறது, மும்மடங்குக்குப் போனால் ஒன்பதில் ஒரு பங்கு. ஆகவே அருகிலிருக்கும் கன்னத்துக்கு வெள்ளை கலக்காத ஆரஞ்சு, அடுத்தவருக்குச் சுட்ட சியன்னா என்னும் செம்பழுப்பு, கடைசியில் அமர்ந்திருக்கும் கிழவிக்கு அம்பர் என்னும் கரும்பழுப்பு மட்டும் போதும். அவளுடைய தோளின் விளிம்பு இருளில் கரைந்துவிட வேண்டும். அவள் கைகளை எவ்வளவு பரிவோடு தீட்டியிருக்கிறீர்கள் என்று தெரிகிறது; அவற்றை இருட்டில் விட மனம் வராவிட்டால் அவளையே தீயருகே நகர்த்துங்கள், வெளிச்சத்தை அவளிடம் இழுத்துச் செல்லாதீர்கள். வெள்ளையை ஏற்ற ஏற்ற நிறம் வெளிறிச் சுண்ணாம்புப் பூச்சாகும். சுற்றியுள்ளவை இருண்டால்தான் சுடர் எரியும்.

அம்பர் விரைவில் உலர்ந்து மங்கித் தெரியும். அதைக் கண்டு இருட்டு போதவில்லை என்று கறுப்பை அப்பிவிடாதீர்கள். நன்கு காய்ந்த பரப்பில் ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாகத் தேய்த்துத் துடைத்துவிட்டால் இருளின் ஆழம் திரும்பிவிடும். அதன் பிறகு படத்தை மீண்டும் அனுப்புங்கள்.